புதுக் காய்களில் ஒரு பழைய ஒளி

செஸ் ஆடுகிறவர்கள் எல்லோரும் செஸ் காய்களைப் பார்க்கிறவர்கள் என்று சொல்லிவிட முடியாது. எது எங்கே நிற்கிறது, எது எதை வெட்டும் என்பதோடு பார்வை நின்றுவிடும். நானும் பல வருஷம் பிளாஸ்டிக் காய்களில் ஆடியவன்தான். ஆட்டத்துக்கு அது போதும், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ‘ஆன்டிக் ஃபினிஷ்’ கொடுத்த மரக் காய்கள் வீட்டுக்கு வந்த பிறகு, ஆட்டம் இல்லாத நேரத்திலும் பெட்டியைத் திறக்கிறேன். எட்டுச் சிப்பாய்களையும் ஜன்னல் திண்டில் வரிசையாக நிறுத்தி, வெயில் நகர நகர அவற்றின் நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு அழகு! ஆட வருகிற நண்பர்களும் வெட்டிய காயை உடனே ஓரத்தில் வைப்பதில்லை. விரலிடுக்கில் உருட்டிக்கொண்டேதான் அடுத்த நகர்த்தலை யோசிக்கிறார்கள்.

இந்தக் காய்கள் பழையவை அல்ல. அமிர்தசரஸில் சமீபத்தில் கடைந்து, செதுக்கி, பாலிஷ் போட்டவை. ஆனால் நூற்றைம்பது வருஷம் லண்டனில் ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் இருந்துவிட்டு வந்ததுபோல் இருக்கின்றன. வெள்ளைக் காய்கள் வெள்ளையாக இல்லை. பனங்கற்கண்டு போன்ற ஒரு நிறம். வளையங்களின் இடுக்கில் இன்னும் ஆழ்ந்த பழுப்பு, தலையுச்சியில் லேசான வெளுப்பு. கறுப்புக் காய்களும் தார் பூசினாற்போலப் பளபளக்கவில்லை. அடங்கிய கறுப்பு; வெளிச்சத்தில் திருப்பினால் விளிம்புகளில் மட்டும் செம்பழுப்பு எட்டிப் பார்க்கிறது.

இந்தத் தோற்றத்துக்கு மூலம் எது என்று தெரிந்துகொண்டால் ரசனை இரட்டிப்பாகும். இன்று உலகம் முழுக்கப் போட்டிகளில் நாம் பார்க்கிற ஸ்டாண்டன் வடிவக் காய்களை 1849 மார்ச் 1 அன்று லண்டனில் நதானியேல் குக் என்பவர் பதிவு செய்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ஜேக்ஸ் நிறுவனம் அவற்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரும் ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ பத்திரிகையில் செஸ் பத்தி எழுதியவருமான ஹோவர்ட் ஸ்டாண்டன் தன் பெயரையே அவற்றுக்குக் கொடுத்தார். அதற்கு முன்னால் புழக்கத்தில் இருந்த காய்கள் ஒல்லியாக, உயரமாக, கை பட்டால் சாய்கிற மாதிரி இருக்கும். பலவற்றில் ராணி எது, மந்திரி எது என்றே சட்டென்று சொல்ல முடியாது. ஸ்டாண்டன் காய் அந்தக் குழப்பத்துக்கு ஒரேயடியாக முடிவு கட்டியது. அகன்ற அடி, உள்ளே ஈயம், பார்த்தவுடன் அடையாளம் தெரிகிற தலை. குதிரையின் முகத்துக்கு ஏதென்ஸ் பார்த்தெனான் கோயில் சிற்பங்களில் இருந்த குதிரைகள்தான் முன்மாதிரி என்று சொல்வார்கள். அந்தச் சிற்பங்கள் அப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்தான் இருந்தன, இப்போதும் இருக்கின்றன.

முதல் ஜேக்ஸ் செட்டுகள் வெள்ளைக்குப் பாக்ஸ்வுட்டிலும் கறுப்புக்குக் கருங்காலியிலும் செய்யப்பட்டவை. பாக்ஸ்வுட் மிக மெதுவாக வளரும் மரம். அதனால் அதன் இழை அவ்வளவு நெருக்கம். ஊசிமுனை அளவு செதுக்கினாலும் பிசிறடிக்காது. புதிதாகக் கடைந்தபோது அந்தக் காய்கள் வெளிர் மஞ்சளாகத்தான் இருந்திருக்கும். அப்புறம் காலம் தன் வேலையைத் தொடங்கியது. வெளிச்சம் பட்டு மரத்திலுள்ள லிக்னின் சிதைந்து மஞ்சள் ஏறியது. மேலே பூசிய அரக்கு பாலிஷும் வயதாக ஆகத் தேன் நிறம் கொண்டது. ஆடியவர்களின் கை எண்ணெயும் புகையும் தூசியும் வளையங்களின் இடுக்கில் படிந்தன. அப்படிப் படிந்து, துடைத்து, மறுபடி படிந்து வந்த நிறத்துக்காகத்தான் இன்று சேகரிப்பாளர்கள் ஏலத்தில் லட்சக்கணக்கில் கொட்டிக் கொடுக்கிறார்கள்.

நமக்கு அந்த லட்சம் வேண்டாம். அமிர்தசரஸ் இருக்கிறது.

பஞ்சாபின் அந்த நகரத்தில் தலைமுறை தலைமுறையாகக் கடைசல் வேலையும் செதுக்கு வேலையும் நடக்கின்றன. யானைத் தந்தத்தில் கை பழகிய குடும்பங்கள் அங்கே இருந்தன. தந்த வியாபாரம் சட்டப்படி நின்றபோது அந்த நுணுக்கமெல்லாம் மரத்துக்கும் எலும்புக்கும் திரும்பியது. உலகச் சந்தையில் விற்கிற நல்ல மரச் செஸ் காய்களில் பெரும்பகுதி, மேல்நாட்டுக் கடைகளின் பெயரில் வந்தாலும், அங்கே பிறந்தவைதான். ராஜா, ராணி, மந்திரி, யானை, சிப்பாய் எல்லாம் கடைசல் இயந்திரத்தில் உருவாகிவிடும். குதிரை மட்டும் உளியில். அதனால் குதிரை செதுக்குகிறவர் தனி ஆள். அதற்குக் கூலியும் தனி. ஒரு செட்டின் விலையில் பெரும் பங்கை அந்த நான்கு குதிரைகள் விழுங்கிவிடும். தரம் பார்க்கத் தெரிந்தவர்கள் முதலில் குதிரையைத்தான் எடுப்பார்கள்.

விலை குறைந்த காய்களில் பாக்ஸ்வுட் என்ற பெயரில் வருவது பல சமயம் ஹல்து மரம், அதாவது நம் மஞ்சக்கடம்பு. கெட்ட மரமில்லை, கடைசலுக்கு நன்றாக வளைந்து கொடுக்கும். கறுப்புப் பக்கத்துக்கு சீஷம், செந்நிறப் படாக், விலை உயர்ந்தவற்றில் கருங்காலி. இவற்றுக்கெல்லாம் ஒரேமாதிரி பழமை பூச முடியாது. நல்ல கைக்கும் அவசரக் கைக்கும் வித்தியாசம் தெரிகிற இடம் இதுதான்.

ஒரு வெள்ளைச் சிப்பாயை எடுத்துக்கொள்வோம். உயரம் ஐந்து சென்டிமீட்டர் சொச்சம். தலை ஒரு சிறு உருண்டை. அதன் கீழே தட்டையான வளையம், பிறகு சரிவாக இறங்கும் உடல், அகன்ற அடி, அடியில் பச்சைத் துணி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உருண்டையின் பக்கவாட்டில் சாயம் மென்மையாக இருக்கிறது. வளையத்தின் மேல்தளத்தில் கரும்பழுப்பு. அடிப்பாகத்தின் தோள்பட்டையிலும் அதே கரும்பழுப்பு, ஆனால் ஓரத்துக்கு வர வர மங்கி மறைகிறது. அந்த இடங்களில் இரண்டாம் தரம் தூரிகை வைத்திருப்பார்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். தேவையே இல்லை! கடைசலில் மரத்தின் இழை கீழிருந்து மேலாக ஓடுகிறது. தட்டையாகக் கடைந்த இடத்தில் எல்லாம் இழையின் வெட்டுவாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். அந்த வாய்கள் சாயத்தைப் பக்கவாட்டை விட அதிகமாகக் குடித்துவிடும். நிஜப் பழைய காயில் தூசியும் அழுக்கும் எங்கே படிந்திருக்குமோ, சரியாக அதே தட்டையான இடங்களில்தான் மரமே சாயத்தை இழுத்துக்கொள்கிறது. இதைக் கண்டுகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! பழமை பூசுகிறவர் பாதி வேலையைத்தான் செய்கிறார், மீதியை மரம் செய்து கொடுக்கிறது.

தலையுச்சியின் வெளுப்பு மட்டும் முழுக்க முழுக்கக் கைவேலை. சிப்பாயை நாம் தலையைப் பிடித்துத்தான் எடுக்கிறோம். மந்திரியைக் கழுத்தில். குதிரையைக் காதுக்குப் பின்னால் பிடரியிலும் மூக்கிலும். ராஜாவின் சிலுவை மற்ற காய்களோடு பெட்டியில் உரசும். அடிப்பாகத்தின் விளிம்பு பலகையில் இடிபடும். இத்தனையும் தெரிந்த ஒருவர்தான் எங்கே தேய்க்க வேண்டும், எங்கே தொடவே கூடாது என்று முடிவு செய்ய முடியும். என் செட்டின் குதிரையில் மூக்கு நுனி மழுங்கி வெளுத்திருக்கிறது. கண் குழியும் வாய்க் கோடும் இருண்டு கிடக்கின்றன. பிடரி மயிரின் ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் பழுப்பு, ஒவ்வொரு முகட்டிலும் தேன். அந்தக் குதிரை மூச்சு விடுகிறது என்றே நான் சொல்வேன்.

கறுப்புப் பக்கத்துக்கு இலக்கணம் வேறு. கருங்காலி உள்ளேயும் கறுப்பு. எவ்வளவு தேய்ந்தாலும் கறுப்புதான் வரும். வயதானால் மினுக்கம் குறையும், மெல்லிய வெடிப்பு விழும், ஓரம் சற்று உதிரும், அவ்வளவே. ஆனால் வெளிர் மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிச் செய்த காயில், தேய்ந்த இடத்தில் உள்ளிருக்கும் பழுப்பு வெளியே தெரியும். ஆகவே செம்பழுப்பு விளிம்பு என்பது சாயமேற்றிய காய்க்கு மட்டுமே உரிய அழகு. என் கறுப்புக் காய்கள் அந்த வகை; விற்றவரும் ஒளிக்காமல் அப்படித்தான் சொன்னார். ‘அசல் கருங்காலி’ என்று சொல்லிவிட்டு விளிம்பில் பழுப்புக் காட்டினால், அந்தப் பட்டறைக்குப் பழைய காயும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை என்று அர்த்தம்.

எங்கள் ஊரில் மரச்சாமான்களுக்கு பாலிஷ் போடுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தேக்குக் கட்டில், ஈட்டி மர அலமாரி என்று வாழ்நாள் முழுக்க அரக்கிலும் ஸ்பிரிட்டிலும் கை ஊறியவர். செட்டை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, குதிரையை வாங்கி, கட்டை விரலால் கழுத்தைத் தடவினார்.

“தம்பி, இது எங்க செஞ்சது?”

“அமிர்தசரஸ் ஐயா.”

“சாயம் யாரு வேணா பூசலாம். இவன் துடைச்சிருக்கான் பாருங்க. எப்ப துடைக்கணும், எங்க விட்டுடணும்னு தெரிஞ்சவன். எங்க அப்பாவுக்கு இந்தக் கை இருந்துச்சு.”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. மற்ற மூன்று குதிரைகளையும் ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பித் தந்தார்.

அவர் சொன்ன துடைப்பு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள, விலை குறைந்த மஞ்சக்கடம்புச் செட் ஒன்றை வாங்கி நானே வேலையில் இறங்கினேன். வாசகர்களில் கைவேலைப் பிரியர்கள் இருந்தால் தயவுசெய்து செய்து பாருங்கள், அத்தனை ஆனந்தம். முதலில் அடியிலுள்ள துணியை உரித்துவிட வேண்டும். ஸ்பிரிட் நனைத்த துணியால் பழைய பாலிஷை எடுத்துவிட்டு, காயை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துக் காயவிட்டால், மரத்தின் இழை மயிர்க்கால்போல் எழும்பும். அதை நைசான உப்புத்தாளால் மெதுவாக மட்டம் செய்ய வேண்டும். இந்தக் கட்டத்தில் இரும்புக் கம்பளியைத் தொடாதீர்கள்; அதன் துணுக்குகள் மாட்டிக்கொண்டால், அடுத்து ஊற்றும் டிக்காஷனில் கரும்புள்ளிகள் விழும்.

ஆமாம், டிக்காஷன்தான். கெட்டியான தேயிலை டிக்காஷனைத் துணியில் நனைத்துத் தடவி, சற்று விட்டு, துடைத்து, காயவைத்து, மறுபடி. ஒரே தடவையில் நிறம் வராது; வரவும் கூடாது. மெல்ல மெல்லத்தான் அந்த வெளிர் மஞ்சள் தேன் பக்கம் நகர்கிறது. பிறகு பட்டன் லாக் எனப்படும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, தண்ணீர்போல் நீர்க்க வைத்துக்கொண்டு, பஞ்சு வைத்துக் கட்டிய துணிப் பொட்டலத்தால் மெல்லிய கைகள் பல. வெளுத்த அரக்கு வேண்டாம், பட்டன் லாக்கே வேண்டும். அதன் இயற்கை நிறமே பாதி வயதைக் கூட்டிவிடும். கடைசியில் தேன்மெழுகை டர்பன்டைனில் இளக்கி, கொஞ்சம் பழுப்பு மண்நிறப் பொடி கலந்து, பழைய பல் துலக்கும் தூரிகையால் எல்லா இடுக்கிலும் ஏற்ற வேண்டும். ஏற்றியவுடன் பருத்தித் துணியால் துடைத்துவிட வேண்டும். பெரியவர் சொன்ன கணக்கு இங்கேதான் வருகிறது. முகட்டில் சுத்தமாக, பள்ளத்தில் பாதி, வளையத்தின் அடியில் தொடாமல். மறுநாள் குதிரைமுடித் தூரிகையால் தேய்த்தால் எழும்புகிறதே ஒரு அடங்கிய பளபளப்பு, அதைப் பார்க்கவே இன்னொரு செட் வாங்கலாம் போலிருக்கிறது!

கறுப்புப் பக்கத்துக்கு நான் கடுக்காயை எடுத்தேன். கடுக்காய்க் கஷாயத்தை முதலில் தடவி உலரவிட்டு, வினிகரில் இரும்பாணி ஊறவைத்த நீரை மேலே பூசினால், கண் முன்னாலேயே மரம் சாம்பலாகி, நீலக்கறுப்பாகி, கறுப்பாகிவிடுகிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் பிறக்கிற கறுப்பு இது. கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு வருவதும் இதே சேர்க்கையால்தான். மேலே பூசிய பெயின்ட்போல் இது தோலாக நிற்காது, இழைக்குள் இறங்கிவிடும். அதனால் மரத்தின் ரேகை மறையாமல் கறுப்புக்குள்ளேயே தெரியும். விளிம்பை நைசான உப்புத்தாளால் ஒரே ஒரு இழுப்பு இழுத்தால் போதும், செம்பழுப்பு வந்துவிடும்.

அந்தக் காலத்தில் பாக்ஸ்வுட்டில் செய்த புல்லாங்குழல், கிளாரினெட் போன்ற வாத்தியங்களுக்கு நைட்ரிக் அமிலம் தடவிச் சூடுகாட்டிப் பழுப்பேற்றும் வழக்கம் இருந்தது. அந்த நிறம் அற்புதமானது. ஆனால் அது பயிற்சி உள்ளவர் செய்ய வேண்டிய ஆபத்தான வேலை. வீட்டில் நமக்குத் தேயிலையே போதும்.

அரக்கைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மரக்கிளைகளில் ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. இன்றைக்கும் ஜார்க்கண்ட் காடுகளில்தான் இந்தியாவிலேயே அதிகமாகக் கிடைக்கிறது. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் மேசைக்கும் பியானோவுக்கும் பளபளப்பு ஏற்றிய அரக்கில் பெரும்பகுதி கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து போனது. ஆக, அமிர்தசரஸ் பட்டறையில் ஒரு கைவினைஞர் லண்டன் காயின் பழைய ஒளியைக் கொண்டுவர அரக்கைத் தொடும்போது, அவர் கடன் வாங்கிய பொருளைத் தொடவில்லை.

அழகு இருக்கட்டும், ஆட்டத்துக்கு இது உதவுமா என்று கேட்பவர்களுக்கு: கட்டாயம் உதவும். உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் விதிகளிலேயே காய்கள் பளபளக்கக் கூடாது, கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். மரத்தின் இயற்கை நிறத்துக்கும் இடம் உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில், கண்ணாடிபோல் வார்னிஷ் அடித்த புத்தம்புது வெள்ளைக் காய்களோடு ஒரு மாலை முழுக்க ஆடிப் பாருங்கள். ராணியின் தலையில் விளக்கு தெரிந்துகொண்டே இருக்கும். மெழுகேற்றிய தேன் நிறக் காயில் அந்தக் கூச்சமே இல்லை. நீண்ட ஆட்டம் முடிந்து எழுந்தாலும் கண் குளிர்ச்சியாக இருக்கிறது. பலகை மட்டும் பொருத்தமாக அமைய வேண்டும். வெளிர் கட்டம் மேப்பிள் மாதிரி நன்றாக வெளுத்திருக்கட்டும், கருங்கட்டம் வால்நட் அல்லது சீஷம் நிறத்தில் இருக்கட்டும், பலகையும் மினுங்காமல் இருக்கட்டும். கட்டத்தின் நிறமும் காயின் நிறமும் ஒன்றாகிவிட்டால் காய் கரைந்துபோய்விடும். ராஜாவின் உயரம் ஒன்பதரை சென்டிமீட்டர் என்றால் கட்டம் ஐந்தரை சென்டிமீட்டராவது வேண்டும்.

ஸ்டாண்டன் ஜேக்ஸோடு இந்த ஆசை நிற்பதில்லை என்பதையும் எச்சரிக்கையாகச் சொல்லிவைக்கிறேன். 1950-இல் யூகோஸ்லாவியாவின் டுப்ரோவ்னிக் நகரில் நடந்த ஒலிம்பியாடுக்காகச் செய்த காய்கள் தனி அழகு. குதிரை ஒடுக்கமாக, முகத்தில் அலங்காரமே இல்லாமல் இருக்கும். செஸ் மேதை பாபி ஃபிஷருக்கு மிகவும் பிடித்த வடிவம் அது. அதற்கும் அமிர்தசரஸில் பழமை பூசிய பிரதிகள் வருகின்றன. சோவியத் காலத்துக் காய்களின் பிரதிகளும் உண்டு. அவற்றில் வார்னிஷ் தேய்ந்த வெறுமைதான் அழகு, இடுக்கில் பழுப்பு ஏற்றினால் பொருந்தாது. எனக்கு இவை இரண்டும் பிடிக்கும். ஆனாலும் தேனும் கறுப்புமாக நிற்கிற ஜேக்ஸ் வடிவத்துக்கு முன்னால் எதுவும் நிற்காது என்பதே என் தீர்ப்பு.

‘பழசு போல் செய்வது ஏமாற்று வேலைதானே’ என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லவே இல்லை. பழைய காய் என்று சொல்லி விற்றால்தான் ஏமாற்று. ‘இன்று செய்தது, இந்த மரம், இந்தச் சாயம்’ என்று சொல்லி விற்கும்போது அது ஒரு கைவினைஞரின் முழுத் திறமைக்குக் கொடுக்கிற விலை. சாதாரணப் பளபளப்பு பூசுவதைவிட இதற்கு நேரமும் பொறுமையும் மரத்தைப் பற்றிய அறிவும் பல மடங்கு வேண்டும்.

வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மலிவான செட்டில் காயை முழுசாகப் பழுப்பு டப்பாவில் முக்கி எடுத்திருப்பார்கள். பள்ளமும் முகடும் ஒரே நிறத்தில் இருக்கும். அதற்குக் காசு கொடுக்காதீர்கள். விற்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: கறுப்புக் காய் கருங்காலியா சாயமேற்றியதா, மேல்பூச்சு அரக்கா வார்னிஷா, அடியில் எடை எவ்வளவு. கூடவே ஒரு குதிரையையும் ஒரு சிப்பாயையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, பக்கத்தில் நின்று எடுத்த படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.